டிஸ்க் கோல்ஃப்: தகர மூடியிலிருந்து சங்கிலிக் கூடை வரை

டிஸ்க் கோல்ஃப் என்பது பந்தும் மட்டையும் இல்லாமல், தட்டை எறிந்து ஆடும் கோல்ஃப் ஆகும். குறித்த இடத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. கம்பத்தில் மாட்டிய கூடைக்குள் தட்டு விழும்வரை எறிகளை எண்ண வேண்டும். குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடித்தவரே வென்றவர். பெரிய திடல்களில் 18 கூடைகள் இருக்கும். சிறிய ஊர்ப் பூங்காவுக்கு 9 போதும்.

இதன் வரலாற்றைக் கலிபோர்னியாவிலிருந்து தொடங்குவோர் பலர். ஆசிரியராக இருந்த எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கவே பிடிக்கிறது. 1926இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், பிளாட்வொர்த் என்ற சிற்றூரில், ரொனால்ட் கிப்சனும் தோழர்களும் பள்ளி மைதானத்தின் மணற்பாங்கான இடங்களில் 4 அடி அகல வட்டங்கள் கீறி, தகர மூடிகளை எறிந்து ஆடினார்கள். 'தகர மூடி கோல்ஃப்' என்று பெயரும் வைத்தார்கள். வளர்ந்து ஆளுக்கொரு திசையாகப் போனதும் ஆட்டம் நின்றுபோயிற்று.

1957இல் வாம்-ஓ நிறுவனம் ஃபிரெட் மாரிசன் வடிவமைத்த பிளாஸ்டிக் தட்டை விற்கத் தொடங்கியது. அதுவே ஃபிரிஸ்பீ. அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், தட்டின் மேற்புறத்தில் வளைய வளையமாக வரிகள் அமைத்து, அது தள்ளாடாமல் பறக்கச் செய்தார். 1975இல் ஓக் குரோவ் பூங்காவில் அவர் அமைத்ததே முதல் நிரந்தரத் திடல். அங்கே முதலில் வெறும் கம்பங்கள்தாம் இலக்கு. தட்டு பட்டதா, படவில்லையா என்று சண்டை வரும். கூடையும் சங்கிலிகளும் அந்தச் சண்டையைத் தீர்த்தன. தொங்கும் சங்கிலிகள் தட்டின் வேகத்தை வாங்கிக்கொள்ள, அது கீழே கூடைக்குள் விழும். 1976இல் தொழில்முறைச் சங்கத்தையும் அவரே தொடங்கினார். 2002இல் இறந்தபின், அவர் விருப்பப்படி அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன!

குறிபார்த்து எறிவது நம் சீமைக்குப் பழகிய கலை. 1795 வாக்கில் சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததையும், தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தவறாது என்பதையும் ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியான தம் நூலில் எழுதினார். 1801இல் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிராகப் படையில் நின்றார். போர் முடிந்ததும் தென்சீமையில் ஆயுதங்களைக் கும்பினி பறித்தது. கற்றுக்கொடுக்கும் கையும் கற்றுக்கொள்ளும் கையும் மெல்ல அற்றுப்போயின. பிளாட்வொர்த்தில் காலம் செய்ததை இங்கே ஆணை செய்தது.

பந்தல்குடிப் பக்கத்தில் சிறு திடல் அமைக்க, சீமைக் கருவேலம் வெட்டிய புறம்போக்கோ பள்ளி மைதானமோ போதும். ஒவ்வோர் இலக்கும் 50 முதல் 80 மீட்டர் தூரத்தில் இருக்கலாம். கூடைக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டயரைக் கம்பில் கட்டலாம். கண்மாய்த் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லைத் தவ்வவிட்ட பிள்ளைக்கு மணிக்கட்டைச் சுழற்றும் பக்குவம் விரைவில் பிடிபடும். தட்டை நிமிர்த்திப் பிடிப்பது அந்தச் சுழற்சிதான். வலக்கைக்காரர் புறங்கையால் எறியும் தட்டு, வேகம் குறையும்போது இடப்புறம் சாயும். எதிர்க்காற்றில் வலப்புறம் திரும்பப் பார்க்கும். ஆடிக்காற்றில் இது மிகுதியாக இருக்குமாதலால், அந்த மாதத்தில் காற்று எழுமுன் காலையிலேயே ஆடிவிடுவது நல்லது.