வாசலுக்கு வந்த வசனம்

1728 மே 3, மாலை. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில், ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர். பாட்டு ஆராதனை முடிந்தபோது சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென்று ஒரு வாசகத்தைச் சபையாருக்குக் கொடுத்தார். விடிந்ததும் அது வீடு வீடாகப் போயிற்று. அன்று ஊரில் இருந்தவை 32 வீடுகள்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'லோசுங்'. இரவுக் காவலில் நிற்கும் வீரர்கள் தம்மவரை அறியக் கேட்கும் அடையாளச் சொல் அது.

ஊருக்கே அப்போது வயது ஆறுதான். விசுவாசத்துக்காக ஒடுக்கப்பட்டு மொராவியாவிலிருந்து தப்பி வந்தவர்கள், பிரபுவின் நிலத்தில் 1722 ஜூன் 17 அன்று முதல் மரத்தை வெட்டினார்கள். கோடரி பிடித்தவர் கிறிஸ்டியன் டாவிட் என்ற தச்சர். அடைக்கலம் கிடைத்ததே தவிர, ஒற்றுமை கிடைக்கவில்லை. அவர்களுக்குள் இருந்த சச்சரவு 1727 ஆகஸ்ட் 13 அன்று பெர்தல்ஸ்டோர்ஃப் ஆலயத்தின் திருவிருந்தில்தான் கரைந்தது.

அந்த மாதமே 24 ஆண்களும் 24 பெண்களும் நாளை மணி மணியாகப் பங்கிட்டுக்கொண்டு முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். இந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அதற்காக யாரும் உலகைத் துறந்து மடத்துக்குள் போகவில்லை. தச்சர் இழைப்புளியையும் குயவர் சக்கரத்தையும் விடவில்லை. நித்தியம் என்பது சாவுக்குப் பின் பார்த்துக்கொள்ளும் காரியமல்ல, இன்றைய வேலைக்கு நடுவே மணி அடித்தால் எழுந்துபோக வேண்டிய காரியம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எண்ணம் கடல் தாண்டவும் வைத்தது. 1732-இல் குயவர் லியோனார்ட் டோபரும் தச்சர் டாவிட் நிட்ச்மனும் கரீபியக் கடலின் செயிண்ட் தாமஸ் தீவில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கரிடம் நற்செய்தி சொல்லப் புறப்பட்டார்கள். ஆனால் சில ஆண்டுகளில் அதே மிஷன் அங்கே தோட்டம் வாங்கி, அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கியது. ஆத்துமாவின் விடுதலையைப் பேசியவர்கள் உடலின் விலங்கைக் கழற்றவில்லை. அந்தச் சபையின் வரலாற்றில் ஆறாத வடு அது.

இந்த வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் இடமுண்டு. ஹாலே நகரப் பள்ளியில் படித்த சிறுவன் சின்சென்டார்ஃபின் மனத்தில் மிஷன் ஆசையை விதைத்தவை தரங்கம்பாடி மிஷனரிகளிடமிருந்து வந்த செய்திகள். 1760-இல் மொராவிய சகோதரர்கள் எனப்பட்ட அந்தச் சபையாரே தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அருகே அவர்கள் குடியிருந்த இடம் 'சகோதரர் தோட்டம்' எனப்பட்டது. நோயும் சாவும் துரத்த, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பணி முடிவுக்கு வந்தது.

வசனம் மட்டும் நிற்கவில்லை. 1731 முதல் ஆண்டுதோறும் நூலாக அச்சாகிறது. ஏறத்தாழ 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றை ஹெர்ன்ஹூட்டில் இன்றும் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேர்ந்து சேர்க்கிறார்கள். ஹிட்லரின் சிறையில் இருந்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபருக்கும் அந்த நூலே அன்றாடத் துணை.

ஹெர்ன்ஹூட்டை ஒட்டிய ஹூட்பெர்க் குன்றில் 'தேவனின் வயல்' என்ற கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சபையாரின் கல்லறைகளில் தரையோடு தரையாகப் படுத்த கற்கள். செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே வடிவம். 1732 முதல் உயிர்த்தெழுந்த ஞாயிறு அதிகாலையில் சபை அங்கே கூடிச் சூரிய உதயத்துக்குக் காத்து நிற்கிறது.

அங்கே அடக்கமாகும் முன் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் கதையை எழுதிவைப்பது மொராவிய வழக்கம். குயவரும் எழுதினார்கள், வேலைக்காரப் பெண்களும் எழுதினார்கள். கடைசி நாட்களைப் பற்றிய பகுதியை உடனிருந்தவர்கள் சேர்த்து முடிக்க, அடக்க ஆராதனையில் அது வாசிக்கப்பட்டது. அப்படி வாசிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கதைகள் ஹெர்ன்ஹூட் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.