எச்சிலும் அருளும்: தமிழகத்தில் குழந்தைத் திருமுழுக்கு

புணே நகரிலுள்ள இயேசு சபையின் தெ நோபிலி கல்லூரி, 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியின் பெயரைத் தாங்கியது. அவர் வளர்த்த மதுரைப் பணித்தளத்தின் வரலாற்றில், பச்சிளங் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும் முறை உரோமைவரை சென்ற வழக்காயிற்று.

பழைய உரோமைச் சடங்கில் குரு குழந்தையின் முகத்தில் ஊதுவார். நாவில் உப்பு இடுவார். தம் உமிழ்நீரால் செவியையும் நாசியையும் தொடுவார். காது கேளாதவரை இயேசு குணமாக்கியதன் நினைவு அது. தமிழ்ச் சமூகத்துக்கோ அது எச்சில். சாதி ஒழுங்கின்படி தீட்டு. ஆகவே மறைப்பணியாளர்கள் இச்செயல்களைத் தவிர்த்தனர். 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் அவற்றைத் தவிர்க்கலாகாது என்றும், குழந்தைகளின் திருமுழுக்கைத் தாமதப்படுத்தலாகாது என்றும் ஆணையிட்டார். நாற்பதாண்டு வழக்காடலுக்குப்பின், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வழங்கினார்.

திருமுழுக்கு செல்லுபடியாக நீரும் மூவொரு கடவுளின் பெயரும் போதும், உமிழ்நீர் இன்றியமையாததன்று. அங்ஙனமாயின் சிக்கல் யாது? குழந்தை எதையும் செய்யவில்லை, கேட்கவுமில்லை. ஆயினும் அருள் பெறுகிறது. மனித விருப்பத்துக்கு முன்னரே இறையருள் செயல்படுகிறது என்பதே குழந்தைத் திருமுழுக்கின் பொருள். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், எட்டாம் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றார். 1546இல் திரிதெந்துப் பொதுச்சங்கம், பிறப்புநிலைப் பாவத்திலிருந்து விடுபடக் குழந்தைகளுக்கும் திருமுழுக்குத் தேவை என வரையறுத்தது. தகுதி பாராது வழங்கப்படும் கொடையின் வாயிலில், பிறப்பால் தகுதி பார்க்கும் சமூகம் நின்றது. மறைப்பணியாளர்கள் தடையொன்றை அகற்ற எண்ணினர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, சாதியின் தூய்மைக் கருத்துக்கு இடமளித்தமை.

குழந்தைகளுக்கெனவே அமைந்த முதல் உரோமைச் சடங்குநூல் 1969இல் வெளிவந்தபோது, உமிழ்நீரும் உப்பும் ஊதுதலும் அதில் இல்லை. சடங்குச் சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. சமூகச் சிக்கல் அவ்வாறு தீரவில்லை. ஒரே திருமுழுக்குப் பெற்றோரைச் சாதிவாரியாகப் பிரித்துவைத்த வடக்கன்குளம் கோயிற்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைகளில் அச்சுவர் நெடுங்காலம் நீடித்தது. எச்சிலைக் குறித்த வழக்கு, உண்மையில், அச்சுவரைக் குறித்த வழக்கே.