ஷீல்டு என்னும் சொல்லும் 1988ஆம் ஆண்டின் ஒரு பள்ளிப் பருவமும்

கொல்கத்தாவில் ‘ஷீல்டு’ என்றால் ஒரே பொருள்தான். ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அச்சொல்லை உதிர்த்துப் பாருங்கள், பேச்சு 1911 ஜூலை 29க்குப் போய்விடும். ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்ற ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம் அன்றுதான் நடந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் குடியேற்றங்களால் வளர்ந்த இப்பகுதியில் ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர்களுக்குக் குறைவில்லை. அவர்களும் அந்த ஒரு நாளை மட்டும் பழிப்பதில்லை.

மொழியியல் பயின்ற எனக்கு இச்சொல்லின் இன்னொரு வாழ்வில்தான் ஈடுபாடு அதிகம். பம்பாயில் ‘ஷீல்டு’ பள்ளிச் சிறுவர்களுடையது. 1896இல் தொடங்கிய ஹாரிஸ் ஷீல்டு அங்கு இன்றும் நடைபெறும் பள்ளிக் கிரிக்கெட் போட்டி. அதன் பெயருக்குரிய ஹாரிஸ் பிரபு 1890 முதல் 1895 வரை பம்பாய் ஆளுநர். அதற்கு முன் இங்கிலாந்து அணியின் தலைவர். இந்தியக் கிரிக்கெட்டின் புரவலர் என்று பாடநூல்கள் அவரைப் போற்றுவது வழக்கம். உள்ளூர் ஆட்டக்காரர்களின் ஆடுகளத்தை ஐரோப்பியரின் போலோக் குதிரைகள் மிதித்துப் பாழாக்கியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கொடுத்த மனுவைத் தள்ளியவரும் இவரே. 1893 கலவரத்தில் பம்பாய் எரிந்துகொண்டிருக்க, இவர் புனே அருகே கணேஷ்கிண்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குதிரைகள் ஓடிய எஸ்பிளனேடு வெளியின் ஒரு பகுதியே இன்றைய ஆசாத் மைதானம்.

அயர்லாந்து இதே காலத்தில் வேறு வழியில் சென்றது. 1884இல் தர்ல்ஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுக் கழகம் ஆங்கிலேய ஆட்டங்களை விலக்கி, ஹர்லிங் என்னும் மட்டையாட்டத்தைத் தேசிய ஆட்டமாக முன்னிறுத்தியது. மன்ஸ்டர் மாகாணப் பள்ளிகள் 1918 முதல் ஆடிவரும் ஹர்லிங் கோப்பைக்குப் பேராயர் ஹார்ட்டியின் பெயர். நாடு முழுமைக்குமான பள்ளிக் கோப்பைக்கு அக்கழகத்தின் முதல் புரவலர்களில் ஒருவரான பேராயர் குரோக்கின் பெயர். கழக உறுப்பினர் அந்நிய ஆட்டங்களை ஆடக் கூடாது என்ற தடை 1971 வரை நீடித்தது. நாமோ ஆளுநரின் பெயரையும் அவருடைய ஆட்டத்தையும் வைத்துக்கொண்டோம். இதில் எது சரி என்ற பட்டிமன்றத்தில் எனக்கு நாட்டமில்லை. அந்தப் பெயரின் கீழ் சிறுவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

1988 பிப்ரவரியில் ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி ஆசாத் மைதானத்தில் நடந்தது. தாதரின் சாரதாஸ்ரம் வித்யாமந்திர் ஒரு பக்கம், கோட்டைப் பகுதியின் செயின்ட் சேவியர் பள்ளி மறுபக்கம். 84 ஓட்டங்களுக்கு 2 விக்கெட் விழுந்தபின் சச்சின் டெண்டுல்கருடன் வினோத் காம்ப்ளி சேர்ந்தார். ஒருவருக்கு வயது 14, மற்றவருக்கு 16. அதன்பின் விக்கெட் விழவேயில்லை. 748க்கு 2 என்ற நிலையில் ஆட்டத்தை முடித்துக்கொண்டபோது காம்ப்ளி 349, டெண்டுல்கர் 326. இணைப்பாட்டம் 664. ஆஸ்திரேலியாவில் 1913–14இல் எடுக்கப்பட்ட 641 அதுவரை உலகச் சாதனையாக இருந்தது. பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர் அங்கில்லை. ஆட்டத்தை முடித்துக்கொள்ளச் சொல்லித் துணைப் பயிற்சியாளர் எல்லைக்கோட்டிலிருந்து கையசைத்ததையும், அவர் பக்கமே திரும்பாமல் தாங்கள் ஆடிக்கொண்டிருந்ததையும் இருவரும் பின்னாளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்கள். சேவியர் பள்ளி மட்டையெடுத்தபோது அதே காம்ப்ளி 37 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்தினார்.

அந்தப் பருவத்தின் ஹாரிஸ் ஷீல்டில் டெண்டுல்கரின் ஐந்து ஆட்டங்கள்: 21, 125, 207, 326, இறுதியாட்டத்தில் 346. நூற்று இருபத்தைந்தில் மட்டும் ஆட்டமிழந்தார். ஆகவே மொத்தமும் 1025, சராசரியும் 1025. ஆனால் சில பழைய குறிப்புகள் அரையிறுதி எண்ணை 329 என்கின்றன. உலகச் சாதனையே ஆனாலும், மைதான ஓரத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் கோடிட்டு எண்ணியதுதான் நமக்கு மூலம். நான் பள்ளியில் இரண்டாண்டு ஸ்கோர் எழுதியவர்களுள் ஒருவன். எங்கள் பதிவேடுகள் ஒரு கோடை விடுமுறையில் பழைய தாளோடு எடைக்குப் போயின. அந்த மூன்று ஓட்ட வேறுபாட்டின் மேல் எனக்குத் தனிப் பரிவு உண்டு.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. 664 என்ற எண் மற்றவர்களை மறைத்துவிடுகிறது. இரண்டு நாளும் பந்துவீசி ஓடிக் களைத்த பிள்ளைகளும் பள்ளிச் சிறுவர்களே. 2006இல் ஹைதராபாத்தின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளிச் சிறுவர் இருவர் 721 ஓட்டங்கள் சேர்த்து இச்சாதனையைக் கடந்தபோது எதிரணி 21 ஓட்டங்களில் சுருண்டது. 2016இல் கல்யாணில் பிரணவ் தனவாடே 1009 எடுத்து, 1899இல் இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரியில் காலின்ஸ் எடுத்த 628ஐ முறியடித்த ஆட்டத்திலும் எதிரணி இருமுறையும் எளிதில் வீழ்ந்தது. வலிமையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடுள்ள பள்ளிகளை ஒரே அட்டவணையில் இட்டு, விளைவைச் சாதனை என்று மட்டும் எழுதுவது வரலாற்றெழுத்தின் சோம்பல்.

1988 சேவியர் அணியில் பந்துவீசியவர்களுள் சாய்ராஜ் பகுதுலேயும் ஒருவர். அன்று விக்கெட் ஏதும் கிடைக்காத இவர், 2001 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். அதே ஆட்டத்தில் அதே அணிக்காக டெண்டுல்கர் 126 எடுத்தார். பின்னாளில் பகுதுலே வங்காள அணிக்கே பயிற்சியாளராக இந்நகரத்துக்கு வந்தார்.

சாரதாஸ்ரம் தரப்பில் அடுத்து இறங்க வேண்டியவர் அமோல் மஜும்தார். பேட் கட்டிக்கொண்டு அந்த இணைப்பாட்டம் முழுவதும் காத்திருந்தார்; முறை வரவில்லை. முதல்தர ஆட்டத்தில் அறிமுகமானபோது 260 ஓட்டங்கள், ஓய்வு பெறுகையில் 11,167. இந்திய அணிக்கு ஒருமுறையும் தேர்வாகவில்லை. 2025 நவம்பர் 2 இரவு நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று இந்திய மகளிர் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியபோது, அவ்வணியின் பயிற்சியாளராக எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றவர் அவர்தான்.