"உங்களைப் பற்றி எழுதுக": ஒரு கேள்வியின் வரலாறு

2021 நவம்பரில் ஒரு தங்கை இரண்டு கட்டுரைகளோடு எங்களிடம் வந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று எஸ்ஓபி. மற்றது, 'உங்கள் வாழ்க்கைப் பின்னணியை எழுதுக' என்ற கேள்விக்கான பதில். வாசித்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் அவமானம். ஆசிரியர் சாதியைச் சொல்லித் திட்டியது, டீக்கடையில் தாத்தாவுக்குத் தந்த தனிக் குவளை, ஊர்த்தெருவில் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. எல்லாம் நடந்தவைதான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த அந்தத் தங்கை கட்டுரையில் இல்லை. காலனிக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, ஊர்த்தெருக் குழாயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று 14 மாதம் ஒரு நோட்டில் குறித்து வைத்தவர் அவர். அந்த நோட்டோடு ஊராட்சி அலுவலகத்துக்கும் போய் நின்றவர். அது கடைசிப் பத்தியில் ஒரே வரியாகக் கிடந்தது: "தண்ணீர் விநியோகம் குறித்த தகவல்கள் சேகரிக்கப்பட்டன."

"யாரு சேகரிச்சது?"

"நான்தான் அக்கா."

"அப்புறம் ஏம்மா 'சேகரிக்கப்பட்டன'?"

சிரித்துவிட்டுச் சொன்னார்: "நானே என்னைப் பத்திப் பெருமையா எழுதுறது ஒரு மாதிரி இருக்கு. அதுவும் இல்லாம, கஷ்டத்தை எழுதினாத்தான் சீட்டு கெடைக்கும்னு சொன்னாங்க."

தோழர்களே, சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறோம். வரும் மாணவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஏதோ ஒரு வடிவில் சொல்கிறார்கள். கஷ்டத்தைக் காட்டு என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தேடிப் போனபோதுதான் அந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அது நமக்குப் பழக்கமான வரலாறுதான்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளில் சேரத் தேர்வில் தேறினால் பெரும்பாலும் போதும். லத்தீன், கணிதம் போன்ற பாடங்கள். இந்த ஏற்பாடு பணக்கார வெள்ளைப் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளைகளுக்கு வசதியாகத்தான் இருந்தது. சிக்கல் எப்போது வந்தது? கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்களின் பிள்ளைகள், தையல் கூடங்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், அதே தேர்வுகளில் தேறி உள்ளே வரத் தொடங்கியபோது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1919 வாக்கில் விண்ணப்பப் படிவத்தை மாற்றியது. உன் மதம் என்ன, உன் அப்பா எங்கே பிறந்தார், ஒரு புகைப்படம் வேண்டும், நேரில் வந்து பேச வேண்டும். சில ஆண்டுகளிலேயே அங்கே யூத மாணவர்களின் பங்கு ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது.

ஹார்வர்டில் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவெல் 1922இல் யூதர்களுக்கு நேரடியாகவே ஒரு வரம்பு வைக்கப் பார்த்தார். பேராசிரியர் குழு அதை ஏற்கவில்லை. 1925இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் கால் பங்குக்கும் மேல் யூதர்கள். 1926இல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மதிப்பெண் மட்டும் போதாது, 'குணநலன்', 'ஆளுமை' இரண்டையும் பார்ப்போம் என்று அறிவித்தார்கள். வரம்பு என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை. எண்ணிக்கை மட்டும் இறங்கியது. உன் குடும்பப் பெயரையோ உன் தந்தையின் பெயரையோ எப்போதாவது மாற்றியதுண்டா, விளக்குக என்றும் ஹார்வர்டின் படிவம் கேட்டது. நம் ஊரில் "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான். ஜெரோம் கராபெல் என்ற சமூகவியலாளர் இந்த வரலாற்றை ஒரு பெரிய நூலாகவே எழுதியிருக்கிறார். தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையும் பரிந்துரைக் கடிதமும் நேர்காணலும் இந்தக் காலத்தில்தான் சேர்க்கையின் நடுவுக்கு வந்தன.

டெல்லியில் இதே கதவை நாமும் பார்த்திருக்கிறோம். ஜேஎன்யுவில் எழுத்துத் தேர்வில் ஓரளவு நெருங்கி நிற்கும் மாணவர்கள் நேர்முகத் தேர்வில் சாதி வாரியாக விலகிப் போவதை, அப்துல் நஃபே தலைமையிலான அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் குழுவே 2016இல் பதிவு செய்தது. அதற்குப் பிறகும் எம்ஃபில், பிஎச்டி இடங்களை நேர்முகத் தேர்வை மட்டுமே வைத்து நிரப்பும் விதி வந்தது. சேலத்திலிருந்து அங்கே படிக்கப் போன முத்துகிருஷ்ணனை 2017 மார்ச்சில் இழந்தோம். அவர் கடைசியாக எழுதிய பதிவு, ஆய்வுச் சேர்க்கையிலும் நேர்முகத் தேர்விலும் சமத்துவம் இல்லை என்பதைப் பற்றியது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கட்டுரை பிற்பாடு வேறு வேலையும் செய்தது. கறுப்பின மாணவர்களும் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளும் மதிப்பெண் பட்டியலில் தெரியாத தங்கள் உலகத்தை அதன் வழியாகத்தான் சொன்னார்கள். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தது. இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் பார்க்கலாம் என்று மட்டும் தீர்ப்பில் விட்டுவைத்தது. ஆக, அரசும் பல்கலைக்கழகமும் சுமக்க வேண்டிய பாரம் 17 வயதுப் பிள்ளையின் தலையில். நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரைக்கு 650 சொல்தான் இடம். அடிமை முறையிலிருந்து இன்றுவரை 650 சொல்லில் சொல்ல வேண்டும், அதுவும் மனம் உருகும்படி. வசதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துப் பயிற்சியாளர் வைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் நம் பிள்ளைகள் சாதியை எழுதக் கூடாதா? இதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது. எழுதுவதா வேண்டாமா என்பதை அந்த மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும், எங்கள் கொள்கைக்காக அவர் தன் சாதியை அறிவிக்கத் தேவையில்லை என்பது வரை வந்திருக்கிறோம். எழுதுவதென்று முடிவெடுத்தவருக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலைக் கையில் கொடுக்கிறோம். தீண்டாமை என்றால் என்னவென்று அதன் பக்கத்தில் வாழாத வெளிநாட்டவருக்குப் புரிய வைக்க அண்ணல் எழுதிய சிறு நூல். 1901இல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் நிற்கிறார்கள். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டியைச் சிறுவர்களேதான் ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார். இரவெல்லாம் தண்ணீர் கிடைக்கவில்லை. இடம், கூலி, யார் என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. 'என் நெஞ்சு வெடித்தது' என்ற மாதிரி புலம்பல் கிடையாது. தன் கதையோடு நிற்காமல் அடுத்தவருக்கு நடந்ததையும் சாட்சியமாக வைக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாக வாசிக்கிறார்கள். தண்ணீர் நோட்டு வைத்திருந்த தங்கைக்கு அந்த நூலைக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இவரும் நேரத்தைக் குறிச்சிருக்காரே அக்கா?"

நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறோம். ஒரு தம்பியின் கட்டுரையை இரவெல்லாம் உட்கார்ந்து திருத்தினோம். அழகாக வந்தது. நேர்காணலில் அதிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து விளக்கச் சொன்னார்கள். அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது எங்கள் வாக்கியம். அவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. "பரவால்ல அக்கா" என்று அவர் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு பேனாவைத் தொடுவதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறோம். யார் செய்தது? எந்த நாள்? அப்போது நீ எங்கே நின்றாய்? 'செய்யப்பட்டது' என்று வரும் இடமெல்லாம் வட்டம் போடுகிறோம். சில பிள்ளைகள் 'நான்' என்று எழுத மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் கடைசிவரை 'நாங்கள்' என்றே எழுதுவார்கள். தெருவே சேர்ந்து செய்த வேலையை ஒருவர் பெயரில் எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. அப்போது 'நாங்கள்' அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

அந்தத் தங்கையின் கட்டுரை டிசம்பரில் போனது. முதல் வரியே காலை 5.40 மணி, குழாயடி. பிப்ரவரியில் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கு ஆண்டுக்கு 125 இடம் கொண்ட ஒன்றிய அரசின் திட்டம் அது. அந்த ஆண்டு வழிகாட்டு நெறிமுறையில் ஒரு புது விதி: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை கிடையாது.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், படித்து முடித்ததும் 10 ஆண்டு பரோடாவில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். 1915இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வு பண்டைய இந்திய வணிகம் பற்றியது. 1916 மே 9 அன்று மானுடவியல் கருத்தரங்கில் வாசித்தது, இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றி எப்படி இயங்குகின்றன என்ற கட்டுரை. 2022இன் விதி அன்று இருந்திருந்தால் இரண்டுக்கும் பணம் கிடைத்திருக்காது.

"தலைப்புல சாதிய எடுத்துட்டா விடுவாங்களா அக்கா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவரே கோப்பைத் திறந்து இன்னொரு பிரதி எடுத்தார். தலைப்பை 'கிராமப்புற நீர் மேலாண்மை' என்று மாற்றினார். அட்டவணையில் 'காலனி', 'ஊர்த்தெரு' என்றிருந்த இரண்டு பத்திகளுக்கும் 'பகுதி அ', 'பகுதி ஆ' என்று பெயர் வைத்தார். மணிக் கணக்கை மட்டும் தொடவில்லை.