படகைக் கட்ட ஒரு முளை

பூம்புகாருக்கு வருகிறவர்கள் ஏழுநிலை மாடக் கலைக்கூடத்தைப் பார்ப்பார்கள், சங்கமத்துறையில் கால் நனைப்பார்கள், சங்குமாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கீழையூர்ப் பக்கம் திரும்புகிறவர் குறைவு. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, சுமார் 60 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள செங்கல் மேடை ஒன்று வெளிப்பட்டது. அதை ஒட்டி மரத்தறிகள். படகுகளைக் கொண்டுவந்து கட்டுவதற்காக நட்டவை. கரிமக் கணிப்பு அவற்றின் வயதைக் கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்னே கொண்டுபோய் நிறுத்தியது.

நான் இந்தக் கரைக் குப்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். கரிகாலன் பாடம் வரும்போதெல்லாம் என் மனசு அரசனைத் தாண்டி அந்தத் தறிக்கே போகும். அதில் யார் கட்டலாம்? யாரைக் கேட்டுக் கட்ட வேண்டும்? கட்டினால் காசு யாருக்கு? இந்த ஊரின் கதையை இந்த மூன்று கேள்விகளை வைத்தே சொல்லிவிடலாம்.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பங்கழியை நன்றாகப் பார்த்தவர். உப்பை விற்று நெல்லை ஏற்றித் திரும்பிய படகுகள் முளைகளில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்ததைச் சொல்கிறார். அதே பாட்டில் சுங்கக் காவலர்களும் வருகிறார்கள். இறங்கும் மூட்டைக்கும் ஏறும் மூட்டைக்கும் புலிப் பொறி குத்திய பிறகே வழி. ஆக, நெல்லுப் படகுக்காரனும் கடல் வணிகனும் வந்து சேர்ந்த அந்தத் துறைக்கு அரசன் ஒரு கணக்கு வைத்திருந்தான். புறநானூற்றின் 30ஆம் பாட்டு, பெருங்கலங்கள் பாயைக் களையாமல், பாரத்தைக் குறைக்காமல் புகாருக்குள் நுழைந்ததைச் சொல்கிறது. அவ்வளவு ஆழமான முகத்துவாரம். கிரேக்க நிலநூலாசிரியர் தாலமி 'கபேரிஸ்' என்று குறித்த வணிகத் துறை இதுதான் என்பது அறிஞர்கள் முடிவு.

பிறகு புகாரைக் கடல் கொண்டது. இந்திர விழாவை மறந்ததால் வந்த சாபம் என்கிறது மணிமேகலை. கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் 1980களிலிருந்து கடலுக்கடியில் தேடின. ஆழத்தில் கண்ட கட்டுமானங்களின் வயது பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஒன்று நிச்சயம். சோழப் பேரரசு எழும்பியபோது பெரிய கப்பல்கள் நாகப்பட்டினம் போய்விட்டன. 1070இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினான். சுங்கத்தை நீக்கியதற்காக ஓர் அரசனுக்குப் பட்டப்பெயரே வந்ததென்றால், சுங்கம் எப்படிக் கடித்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். 1244இல் ஆந்திரத்து மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் ஒரு சாசனம் வெட்டி வைத்தான்: புயலில் கரை ஒதுங்கும் கப்பலின் சரக்கை இனி அரசு பறிக்காது என்று. அதுவரை பறித்தார்கள் என்றுதானே பொருள்.

வெள்ளைக்காரர்களின் கதையும் கரையில்தான் தொடங்கியது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இந்தக் கைமாற்றம் எதிலும் கட்டுமரக்காரனை யாரும் கேட்கவில்லை.

ஆற்றுத் துறைகளுக்குச் சட்டம் வந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1890ஆம் ஆண்டுச் சென்னைக் கால்வாய், பொது ஓடத்துறைச் சட்டம் அது. ஓடத்துறை பொதுச் சொத்து என்று அறிவித்து, கட்டணம் வாங்கும் உரிமையைக் குத்தகைக்கு விட அதில் வழி இருந்தது. ஏலம் எடுத்தவன் துறைக்காரன் ஆனான். தலைமுறையாக ஓடம் தள்ளியவன், காசு இல்லாவிட்டால், அதே துறையில் கூலிக்குத் துடுப்புப் போட்டான். பொதுத்துறை என்று பெயர் வைத்த அன்றே அது காசுள்ளவனின் துறையாகவும் ஆனது. பாலங்கள் வந்து ஓடங்கள் ஓய்ந்தபின் அந்தச் சண்டையும் மறந்துபோனது.

காவிரியும் தன் பங்குக்கு மாறியது. 1836இல் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார்கள். 1934இல் மேட்டூர் எழுந்தது. மேலையூர்க் கடையணையைத் தாண்டிக் கடலுக்கு வருவது இப்போது பாசனத்தின் மிச்சம். தண்ணீர் தள்ளாத முகத்துவாரத்தில் மணல் திட்டு ஏறும். பெருங்கலம் பாயோடு நுழைந்த இடத்தில், நீரேற்றத்துக்குக் காத்திருந்து ஃபைபர் படகை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

என் தாத்தா காலத்தில் எங்கள் குப்பத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. கட்டுமரத்துக்கு முளை வேண்டாம். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தோளில் போட்டு மேட்டில் உலர வைப்பார்கள். எந்த வீட்டு மரம் எந்த இடத்தில் கிடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கரைவலைக்கும் முறைப்பாடு உண்டு. இன்றைக்கு ஒருவர் வளைத்த இடத்தில் நாளைக்கு அடுத்தவர். தகராறு வந்தால் பஞ்சாயத்தார் கூடி, அபராதம் போட்டு, சூடு ஆறும் முன்பே முடித்துவிடுவார்கள். ஒரு வரிகூட எழுத்தில் கிடையாது. எழுத வேண்டிய தேவையும் அன்றைக்கு வரவில்லை.

2004 டிசம்பர் 26 எல்லாவற்றையும் புரட்டியது. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள், அழிந்த கட்டுமரங்களைவிடக் கூடுதல் என்று கடற்கரை முழுக்கப் பேச்சு. ஃபைபர் படகை இரண்டு ஆள் தோளில் தூக்க முடியாது. டிராக்டர் வைத்து இழுக்க வேண்டும், நிறுத்த நிலையான இடம் வேண்டும். அலை அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய இடத்தில் படகு ஏறாது. படகு பெருத்தது, கரை சுருங்கியது. பிறகு மீன்பிடித் துறைமுகம் வந்தது. விசைப்படகுக்கு அது நல்லது. சின்னப் படகுக்காரனுக்கு அங்கே எந்த மூலை என்பது ஒவ்வொரு சீசனிலும் புதிதாகப் பேசவேண்டிய விஷயமாகிவிட்டது. சுருக்குமடி வலை வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால அனுமதிகூடக் கரையை விட்டுவிடவில்லை. திங்கள், வியாழன் மட்டும், காலை எட்டு மணிக்குப் பிறகு புறப்பட்டு, மாலை ஆறுக்குள் குறித்த இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அன்று போட்ட நிபந்தனை.

இதற்கிடையில் உல்லாசப் படகு கேட்கிறார்கள். கலைக்கூடம் 1973இல் திறந்த நாளிலிருந்து இது சுற்றுலா ஊர். ஞாயிற்றுக்கிழமை வருகிற குடும்பம், கரையில் கிடக்கும் படகைப் பார்த்து, "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று கேட்பது இயல்புதான். மீன் படாத நாளில் அந்த நூறு இருநூறு ரூபாய் ஆசை காட்டும். எங்கள் பெரியவர்கள் அதற்குத் தலையாட்டுவதில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்தக் கரையும் மறக்கவில்லை.

இதே காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஒகேனக்கல்லில் ஏற்பாடு வேறு. சின்னாறு, மாமரத்துக்கடவு என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய பரிசல் துறைகள் உண்டு. உரிமம் உண்டு, கட்டணம் உண்டு, வெள்ளம் ஏறினால் மாவட்ட நிர்வாகத்தின் தடையும் உண்டு. அங்கேயும் பங்குக்கும் முறைக்கும் சண்டை வராமல் இல்லை. ஆனால் சண்டை போடுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்கிறது. ஆற்றின் தலையில் இருப்பது வாலில் இல்லை.

தாளோ சாட்சியோ, நிரூபிப்பதன் அருமைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு வழக்கு சொல்கிறேன். கென்ட் மாவட்டத்து வால்மர் என்ற ஊரில், மீனவர்கள் காலங்காலமாக வலை உலர்த்திய கடலோர நிலத்தில், அதன் உடைமையாளர் வீடு கட்டத் தொடங்கினார். மீனவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1904இலும், மேல்முறையீட்டில் 1905இலும் தீர்ப்பு அவர்கள் பக்கம்: பட்டா உன்னுடையதாக இருக்கலாம், வழக்கத்தால் வந்த உரிமை அவர்களுடையது. அந்த வழக்கத்தைச் சாட்சி வைத்து நிரூபித்ததால் ஜெயித்தார்கள்.

நமக்கும் அப்படி ஒரு பிடி இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊர் அளவிலான வரைபடத்தில் மீனவர் குப்பங்களையும் அவர்களின் பொது இடங்களையும் குறிக்கச் சொல்கிறது. படகு நிறுத்தும் இடம், மீன் உலர்த்தும் இடம் எல்லாம் அதில் வரவேண்டும். வரைபடத்தில் வெறும் மணலாகத் தெரிகிற இடம் நாளைக்குப் பூங்காவாகும், வாகன நிறுத்தமாகும், உல்லாசப் படகுத் துறையுமாகும். அப்போது 'எங்கள் தாத்தா காலத்து இடம்' என்று நின்றால் கேட்பவர் யார்?

எனக்கு உல்லாசப் படகின் மேல் கோபம் கிடையாது. உயிர்காப்பு உடையும் உரிமமும் வைத்து, தனித் துறை குறித்து, ஊரைக் கலந்துகொண்டு, வருமானத்தில் ஊருக்கும் பங்கு வைத்து நடத்தட்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் எந்தப் படகு எங்கே நிற்கிறது என்பதை நாங்களே எண்ணி, சர்வே எண்ணோடு எழுதி, கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பஞ்சாயத்தார் ஒப்புக்கொண்டு, என்னிடம் படித்த பையன்கள் இரண்டு பேரைக் கூட அனுப்பியிருக்கிறார்கள். ஒருவன் அளவு நாடாவைப் பிடிக்கிறான், இன்னொருவன் எழுதுகிறான். ஒவ்வோர் இடத்திலும் மூன்று பேர் வந்து, அது தன் பாட்டன் இடம் என்கிறார்கள். சண்டை ஓயவில்லை; ஆனால் முதல் தடவையாக அது நோட்டுப் புத்தகத்தில் ஏறுகிறது.