பற்றாக்குறையும் பள்ளிச் சிறுவரும்: ஆல்ட்பரோ இசைவிழாவின் வளர்ச்சி

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தில், சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர் ஆல்ட்பரோ. 1948 ஜூன் 5 முதல் 13 வரை அங்கே முதல் இசைவிழா நடந்தது. அதைத் தொடங்கிய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் மேதைமையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்துகளில் சிறுவர்க்கான பணி ஒரு பின்னிணைப்பாகவே வருகிறது. வரவுசெலவு நிர்வாகச் செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. கச்சேரி, பள்ளி, பணம் ஆகிய மூன்றும் முதல் இருபது ஆண்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாதபடி பின்னியிருந்தன என்பதும், பணத் தட்டுப்பாடு அங்கே பிறந்த இசையின் வடிவத்தையே தீர்மானித்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

விழாவின் தொடக்கமே பண இழப்பில்தான். பிரிட்டன், பாடகர் பீட்டர் பியர்ஸ், எழுத்தாளர் எரிக் குரோசியர் ஆகியோர் நடத்திவந்த ஆங்கில ஓப்பரா குழு 1947 கோடையில் ஹாலந்துக்கும் சுவிட்சர்லாந்தின் லூசர்னுக்கும் சென்றது. அரங்குகள் நிறைந்தன. ஆனால் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் காட்சித் திரைகளையும் நாடு விட்டு நாடு சுமந்த செலவை நுழைவுச்சீட்டு வருமானம் ஈடுகட்டவில்லை. நண்பர்களை அழைத்து நம் ஊரிலேயே ஒரு சிறு விழா நடத்தினால் என்ன என்று வழியில் கேட்டவர் பியர்ஸ். அவரும் பிரிட்டனும் ஆல்ட்பரோவில் குடியேறியது அதே ஆண்டில்தான்.

ஊரார் ஆளுக்கொரு தொகையை உறுதியளித்தார்கள். நட்டம் வந்தால் அதுவரை தாங்குவோம் என்பது பொருள். லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாத அமைப்பு என்பதால், போருக்குப் பின் உருவான ஆர்ட்ஸ் கவுன்சிலின் உதவியும் கிடைத்தது. கிரான்புரூக் சீமாட்டி தலைமைப் பொறுப்பேற்றுப் பல பத்தாண்டுகள் தாங்கி நின்றார். இவ்வகை ஏற்பாட்டில் ஓர் இடர்ப்பாடு உண்டு: நட்டத்துக்கு ஈடு கிடைக்கும், சேமிப்பு மட்டும் சேராது. ஒவ்வோர் ஆண்டும் வெறுங்கையோடு தொடங்கியாக வேண்டும்.

இருந்த அரங்கோ ஜூபிலி ஹால். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி எழுந்த அந்த மண்டபத்தில் முந்நூறு பேர்தான் உட்கார முடியும். எல்லா இருக்கைகளும் விற்றாலும் ஒரு முழு இசைக்குழுவின் ஊதியம் தேறாது. அதற்கேற்றாற்போல், முதல் விழாவில் நிகழ்த்தப்பட்ட 'ஆல்பர்ட் ஹெரிங்' ஓப்பராவுக்கு ஒரு கையளவு வாத்தியங்களே இருந்தன. ஊர்த் தேவாலயத்தில் பாடப்பட்ட 'செயின்ட் நிக்கோலஸ்', லான்சிங் பள்ளியின் நூற்றாண்டுக்காக எழுதப்பட்டது. அதில் சிறுவர் குரல்களுக்கு முதன்மையான இடம் உண்டு. கூடியிருந்தோர் அனைவரும் துதிப்பாடல்களில் சேர்ந்து பாடவேண்டும். கட்டணம் கொடுத்து வந்தவரையே பாடகராக்கிய இந்த உத்தி அடுத்த ஆண்டே முழுமை பெற்றது.

1949 ஜூனில் ஜூபிலி ஹாலில் அரங்கேறிய 'லெட்ஸ் மேக் அன் ஓப்பரா'வின் வரவுசெலவுத் தர்க்கத்தை அதன் இசைக்குறிப்பிலேயே படிக்கலாம். நால்வர் தந்திக்குழு, இருவர் சேர்ந்து வாசிக்கும் ஒரு பியானோ, தாளக்கருவிகள்: வாத்தியங்கள் இவ்வளவே. புகைக்கூண்டு துடைக்கும் சிறுவன் ஒருவனை மற்றக் குழந்தைகள் காப்பாற்றும் கதை. சிறுவர் வேடங்களை அந்த வட்டாரச் சிறுவர்களே ஏற்றார்கள். கூட்டுப்பாடகர் குழு கிடையாது. அந்த இடத்தில் அவையோர் நான்கு பாடல்களை ஒத்திகை பார்த்துப் பாடினார்கள். சிக்கனம் இதற்கு ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிக்கனத்துக்காகச் செய்ததன் தடம் இசையில் எங்கும் தெரியவில்லை. அதுவே பிரிட்டனின் பெருமை.

1958 ஜூன் 18 அன்று ஆர்ஃபோர்டு தேவாலயத்தில் நிகழ்த்தப்பட்ட 'நோயீஸ் ஃபிளட்' இந்தப் பாதையின் உச்சம். பழைய செஸ்டர் நகர நாடகத்தின் நோவா கதை. நோவாவும் அவர் மனைவியும் தேர்ந்த பாடகர்கள். வாத்தியங்களில் ஒரு சிறு குழு தொழில்முறைக் கலைஞர். மற்றவர்களில் பெரும்பாலோர் சஃபோக்கின் சிறுவர்கள். வயலின் பகுதிகளைத் தேர்ச்சிக்கேற்ப மூன்றாகப் பிரித்து, மூன்றாம் பகுதியில் பெரும்பாலும் விரல் வைக்காமல் வில்லை மட்டும் இழுத்தாலே போதும் என்று எழுதினார் பிரிட்டன். நேற்று வயலினைத் தொட்ட பிள்ளைக்கும் இடம் கிடைத்தது. கயிற்றில் தொங்கவிட்ட கோப்பைகளைத் தட்டினால் முதல் மழைத்துளிகள் கேட்டன. கைமணிகளை லேஸ்டன் ஊர்ப் பள்ளி மாணவர்கள் ஒலித்தார்கள். இதை நாடக அரங்கில் அல்லாமல் தேவாலயத்திலோ பெரிய கூடத்திலோ நிகழ்த்தவேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். ஒரு பள்ளியும் ஓர் ஊரும் இருந்தால் எங்கும் நடத்திவிடலாம். இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசையில் கற்பித்தலும் கலையும் இவ்வளவு நேர்த்தியாக ஒன்றிய படைப்பு அரிது.

திருப்பம் 1967இல் வந்தது. ஆல்ட்பரோவுக்கு அருகே ஸ்னேப்பில் கைவிடப்பட்ட பார்லி ஊறல் கிடங்கு ஒன்று எண்ணூறு இருக்கைகளுக்கு மேல் கொண்ட அரங்காக மாறியது. ஜூன் 2 அன்று எலிசபெத் அரசி திறந்துவைத்தார். 1969 ஜூன் 7 இரவு, விழாவின் முதல் நாளிலேயே, அது எரிந்து போனது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் மீண்டும் எழுப்பிவிட்டார்கள். நுழைவுச்சீட்டு வருமானம் பெருகியது. கட்டடத்தைப் பேணும் செலவும் நன்கொடை திரட்டும் வேலையும் நிரந்தரமாகின. 1967இல் ஸ்னேப்பில் அரங்கேறிய சிறுவர் படைப்பான 'த கோல்டன் வேனிட்டி'யைப் பாடியவர்கள் உலகப் புகழ்பெற்ற வியன்னா சிறுவர் குழுவினர் என்பதைக் கவனிக்கவேண்டும். இறக்கும் ஆண்டான 1976இல் பிரிட்டன் சஃபோக் பள்ளிகளுக்காக 'வெல்கம் ஓட்' எழுதினார் என்றாலும், 'நோயீஸ் ஃபிளட்' போல ஊர்ப் பிள்ளைகளையே நம்பி நிற்கும் நாடகம் மறுபடி பிறக்கவில்லை.

கல்விப் பணி நிற்கவில்லை, தனித் துறையாயிற்று. 1972இல் இளம் பாடகர்களுக்கு வகுப்புகள் தொடங்கின; 1979இல் அதற்கெனப் பிரிட்டன்–பியர்ஸ் பள்ளியின் கட்டடம் திறக்கப்பட்டது. இது தொழிலுக்கு வருவோருக்கான உயர்பயிற்சி. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நெடுநாள் கழித்தே மீண்டும் மையத்துக்கு வந்தார்கள். தன் அண்ணன் நடத்திய பள்ளிக்காகப் பிரிட்டன் முப்பதுகளில் எழுதிய 'ஃபிரைடே ஆஃப்டர்நூன்ஸ்' பாடல்களை, அவருடைய நூற்றாண்டான 2013 நவம்பர் 22 அன்று பல்லாயிரம் மாணவர்கள் பாடினார்கள்.

நிதியின் அடித்தளமும் இதற்குள் மாறியிருந்தது. பிரிட்டனின் படைப்புகளுக்கு வரும் உரிமத்தொகை, 1986இல் அமைந்த பிரிட்டன்–பியர்ஸ் அறக்கட்டளையைத் தாங்கியது. 2020இல் அவ்வறக்கட்டளையும் ஸ்னேப் அரங்கை நடத்திய அமைப்பும் இணைந்து பிரிட்டன் பியர்ஸ் ஆர்ட்ஸ் ஆயின. பணமில்லாத நாளில் எழுதிய சிறுவர் நாடகங்களைப் பள்ளிகள் இன்று நிகழ்த்தும்போது செலுத்தும் தொகையும் அந்த வருவாயில் ஒரு பங்கு. இங்கிலாந்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகளில் பதிப்புரிமை முடியும். பிரிட்டனின் இசைக்கு அது 2046 இறுதி. ஊராரின் உறுதித்தொகையில் தொடங்கிய விழா, அதற்குள் வேறொரு நிலையான வருவாயைத் தேடிக்கொண்டாக வேண்டும்.