அரை சென்ட்டிலிருந்து பதினான்கு சென்ட் வரை: நியூஃபவுண்ட்லாந்து அஞ்சல்தலைகளில் நாய்

முன்னுரை

கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், வட அட்லாண்டிக்கில் உள்ள தீவு நியூஃபவுண்ட்லாந்து. 1949இல் கனடாவுடன் இணையும்வரை தனக்கெனத் தனி அஞ்சல்தலைகளை அது வெளியிட்டுவந்தது. 1887இல் வந்த அரை சென்ட் அஞ்சல்தலையில் ஒரு நாயின் முகம் இருந்தது. நாயையே கருப்பொருளாகக் கொண்ட உலகின் முதல் அஞ்சல்தலையாக அது பொதுவாகக் கருதப்படுகிறது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான் அத்தீவில் நாய்களுக்கு எதிரான சட்டம் ஒன்று பிறந்திருந்தது. இந்த முரண் எப்படி நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கரையில் நாய்

மீனவக் குடும்பங்களுக்கு நாய் உழைப்பாளி. தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்விவரும். கயிற்றைக் கரைக்கு இழுத்துவரும். குளிர்காலத்தில் விறகுச் சறுக்குவண்டியை இழுக்கும். ஆட்சியாளர் கண்ணுக்கோ அது ஆடுகளின் எதிரி. 1780இல் ஆளுநர் ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் வீட்டுக்கு ஒரு நாய்தான் என்று வரம்பிட்டார். 1885ஆம் ஆண்டின் ஆட்டுப் பாதுகாப்புச் சட்டம், நாய் வளர்ப்பையே தடைசெய்ய வட்டாரங்களுக்கு வழிவிட்டது.

தலையேறிய நாய்

அத்தீவின் 1865ஆம் ஆண்டு வரிசையில் இரண்டு சென்ட்டுக்குக் காட் மீன், ஐந்து சென்ட்டுக்குக் கடல்நாய் எனப்படும் சீல். தீவுக்குச் சோறு போட்ட இரண்டும் அஞ்சல்தலையில் ஏறின. 1887இல் நாயும் அந்த வரிசையில் சேர்ந்தது. தீவின் பெயரையே தாங்கிய பெருநாயினம், ஓவியர் லேண்ட்சீரின் தூரிகையால் பிரிட்டனில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தது. ஆட்டுக்கு இடைஞ்சலான நாய் கடல் கடந்ததும் தீவின் அடையாளமாயிற்று. அரை சென்ட் நாய் முதலில் ரோஜாச் சிவப்பில் அச்சானது. 1894இல் கறுப்புக்கு மாறியது. 1896இல் ஆரஞ்சுச் சிவப்பானது. கறுப்பு நாய்க்குத் தன் நிறம் வாய்த்தது சிறிது காலமே.

உழைப்பும் வம்சமும்

1931இல் வந்த 15 சென்ட் வான் அஞ்சல்தலையில் நாய்கள் பூட்டிய பனிவண்டியும் விமானமும் ஒரே சட்டத்துக்குள் இடம்பெற்றன. வடக்கே குளிர்கால அஞ்சலைச் சுமந்தவை இத்தகைய நாய்வண்டிகளே. அவற்றின் வேலையைப் பறிக்கப்போகும் விமானம் அதே படத்தில் பறக்கிறது.

அடுத்த ஆண்டு 14 சென்ட் தலையில் மீண்டும் பெருநாய் வந்தது. இம்முறை அதற்குப் பெயரும் வம்சாவளியும் உண்டு: ஹெரால்ட் மெக்பெர்சன் வளர்த்த ‘வெஸ்டர்லேண்ட் சீகர்’. அருகிவந்த இனத்தைக் காக்க முனைந்தவர் அவர். அதே வரிசையில் வேல்ஸ் இளவரசருக்கு 4 சென்ட், சிறுமியாக இருந்த இளவரசி எலிசபெத்துக்கு 6 சென்ட். முகமதிப்பை அஞ்சல் கட்டணமே தீர்மானிக்கும். அதை மரியாதையின் அளவாகக் கொள்ளலாகாது. ஆயினும் அரை சென்ட்டின் பெயரற்ற முகம் பெயருள்ள தனி நாயாக வளர்ந்தது கவனிக்கத்தக்கது.

முடிவுரை

1988இல் கனடா நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது நியூஃபவுண்ட்லாந்து நாயும் இடம்பெற்றது. மீனவரோடு படகேறிய ‘செயின்ட் ஜான்ஸ் வாட்டர் டாக்’ என்ற நாயினமோ, அதே பத்தாண்டில் தீவின் தென்கரையில் எஞ்சியிருந்த கிழட்டு நாய்களோடு அற்றுப்போனது. லாப்ரடார் ரெட்ரீவரின் மூதாதை அது. சட்டம் கரையிலிருந்த நாய்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. அஞ்சல்தலையோ வெளியுலகம் அறிந்த நாயையே தேர்ந்தெடுத்தது. ஆகவே 1885க்கும் 1887க்கும் இடையே முரண் இருப்பதாகத் தோன்றினாலும், சட்டம் கண்ட நாய் வேறு, அஞ்சல்தலை கண்ட நாய் வேறு.